மின்கம்பி எட்டாத தோப்பு

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் டீக்கடைப் பேச்சு அணைகளில்தான் தொடங்கும். கடனாநதி எத்தனை அடி, ராமநதி எத்தனை அடி, கருப்பாநதிக்கு வரத்து இருக்கிறதா, குண்டாறு வழிந்துவிட்டதா என்று நாளிதழில் வரும் நீர்மட்டப் பட்டியலை வரிவரியாக வாசிப்பார்கள். குண்டாறு 36 அடிதான். மலையில் நாலு நாள் நின்று பெய்தால் நிரம்பிவிடும். பட்டியலில் கடைசியாக வரும் அடவிநயினார் 132 அடி. ஐந்து அணைகளிலும் உயரமானது அதுதான். பண்பொழிக்கு மேற்கே மேக்கரையில், அனுமன் நதி மலையை விட்டு இறங்கும் இடத்தில் அது இருக்கிறது. அந்த அணைக்குப் போகும் வழியில், மலையடிவாரத் தோப்பு ஒன்றில் மின் இணைப்பே இல்லாத ஒரு வீட்டில் பதினைந்து பேர் தங்கப் போனோம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள், அவர்கள் குடும்பங்கள், பத்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புவரை பிள்ளைகள்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தால் ராஜபாளையம் தாண்டியதும் பொழுது விடிந்து வலப்பக்கம் மலை வந்துவிடும். அதற்கப்புறம் சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி என்று எந்த ஊர் வந்தாலும் மலை கூடவே வருகிறது. சீசன் நாளில் அதன் மேல்பாதி தெரியாது, மேகம் மூடியிருக்கும். செங்கோட்டையில் இறங்கும்போது முகத்தில் படுகிற ஈரக்காற்று, முந்தின இரவு எழும்பூரில் விட்டுவந்த புழுக்கத்தை மறக்கடித்துவிடும். செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. பக்கத்துப் பிரானூரை இன்றைக்கும் 'பார்டர்' என்றே சொல்கிறார்கள். அந்த எல்லை மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், கடைகளில் தொங்கும் நேந்திரங்குலையிலும் இங்குள்ளவர்கள் பேச்சிலும் மலையாள நாட்டு வாசனை கொஞ்சம் தங்கியிருக்கிறது.

செங்கோட்டையிலிருந்து பண்பொழி ஏழெட்டுக் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கார் சாகுபடிக்கு நாற்று நட்ட வயல்கள், நடுநடுவே தென்னந்தோப்பு, மாந்தோப்பு. ஊரை நெருங்கும்போது மலைத்தொடரிலிருந்து பிரிந்து தனியாக நிற்கும் குன்று தெரியும். அதுதான் திருமலைக் குமாரசாமி கோயில். அருணகிரிநாதர் பாடிய தலம். இப்போது மேலே போகத் தார்ச்சாலை இருந்தாலும் படியேறிப் போவதுதான் இந்த ஊரைப் புரிந்துகொள்ள வழி. பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தால் கிழக்கே குளங்களும் வயல்களுமாகச் சமவெளி விரிகிறது. மேற்கே திரும்பினால் கண்ணுக்கு எட்டியவரை மலைச்சுவர். அந்தச் சுவரில் தெற்கே ஓர் இடைவெளி உண்டு, அதுவே ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் மோதி மழையைக் கேரளப் பக்கமே இறக்கிவிடும். இங்கே கணவாய் வழியாகவும் தாழ்ந்த முகடுகள் வழியாகவும் கிழக்கே தாண்டி வருகிறது. தாண்டி வரும்போது அதில் மிச்சமிருக்கும் ஈரந்தான் சாரல். தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஜூன், ஜூலையில் காய்ந்து கிடக்க, தென்காசியும் குற்றாலமும் பண்பொழியும் நனைந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளி.

இந்தத் திருமலைக் குன்றைப் பற்றிப் பெரியவன் கவிராயர் 'திருமலை முருகன் பள்ளு' பாடினார். பள்ளு என்பது உழவர்களின் இலக்கியம். மழைக்குறி, ஆற்றுவரத்து, மாடு, நெல்வகை எல்லாம் அதன் இலக்கணத்திலேயே உண்டு. படியில் நின்று பார்க்கும்போது அப்படி ஒரு நூல் இங்கே பிறந்ததில் வியப்பில்லை என்று தோன்றியது. மேற்கே மழைக்கால் இறங்குவதும், கிழக்கே வயலில் நடவு நடப்பதும் ஒரே பார்வையில் தெரிகின்றன.

கோயிலைத் தாண்டிய சாலை மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்குப் போகிறது. நாங்கள் போக வேண்டிய தோப்புக்குச் சாலையிலிருந்து பிரிந்து மண்பாதையில் போக வேண்டும். வேன் அதற்குமேல் வராது. சாமான்களை ஒரு டிராக்டரில் ஏற்றிவிட்டு நடந்தோம். அரிசி, பருப்பு, காய்கறிச் சாக்கு, ஜமுக்காளங்கள், தலையணைகள், டார்ச் லைட்டுகள். பாதையோரம் வந்துகொண்டிருந்த மின்கம்பங்கள் ஓரிடத்தில் நின்றுபோயின. கடைசிக் கம்பத்திலிருந்து ஒரு பம்புசெட்டுக்குக் கம்பி இறங்குகிறது, அதற்குமேல் இல்லை. 1990-லிருந்து தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பம்புசெட் மின்சாரம் இலவசம். அப்படியிருந்தும் காட்டை ஒட்டிய சில நிலங்களுக்கு இன்னும் சர்வீஸ் போய்ச் சேரவில்லை. எங்களை வரவேற்கக் காத்திருந்த தோப்புக் காவல்காரர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "மேல ஓடை இருக்கு, தண்ணி தானா இறங்கி வருது. மோட்டார் எதுக்கு?" என்று கேட்டார். எங்களில் பெரியவர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றோம், அவரும் எங்களை அண்ணாச்சி என்றார். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா.

வீடு என்பது ஒரு நீளமான கூடம், அதன் முன்னால் திண்ணை, பின்னால் ஓடு வேய்ந்த அடுக்களை, சற்றுத் தள்ளி இரண்டு கழிப்பறைகள், அவ்வளவுதான். தேங்காய் வெட்டு நாட்களில் ஆட்கள் தங்குவதற்கும் காய் குவிப்பதற்கும் கட்டியது. கூடத்தில் மூன்று பக்கச் சுவரையும் ஒட்டி இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்திருந்தார்கள். பாயை விரித்தால் பத்துப் பேர் படுக்கலாம், மீதிப் பேருக்குத் தரை. தனியறை கிடையாது. போனதும் அண்ணாச்சி முதலில் காட்டியது சுவரில் மாட்டியிருந்த பேட்டரியைத்தான்.

கூரைமேல் 200 வாட் சோலார் பலகை. கீழே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி அதில் 1,200 வாட்-மணி மின்சாரம் நிற்கும். ஆனால் இவ்வகை ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக நம் கையில் இருப்பது 600. பங்குனி, சித்திரை வெயிலில் பலகை ஒரு பகலில் இதைவிட அதிகமாகவே ஏற்றிவிடும். சாரல் நாளில் வானம் மூடியே கிடக்கும், இருநூறு வந்தால் பெரிது. ஆறு எல்இடி விளக்கு, ஒவ்வொன்றும் 7 வாட், இரவு ஐந்து மணி நேரம் எரிந்தால் 210. அன்றைய வரவு அன்றைய விளக்குக்குச் சரியாகிவிடுகிறது. இதற்குமேல் ஒரு கைபேசியை முழுதாக ஏற்ற ஏறக்குறைய 15 வாட்-மணி வேண்டும். பதினைந்து பேரும் ஏற்றினால் இன்னொரு 225.

இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் திண்ணைத் தரையில் சாக்குக்கட்டியால் எழுதினாள். எழுதி முடித்ததும் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைபேசிகள் மட்டும் உயிரோடு இருக்கட்டும், மற்றவை அணைந்து கிடக்கட்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கழிப்பறைப் பாதைக்கு ஒரு விளக்கு, அடுக்களைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, மீதி மூன்று தேவைப்பட்டால் மட்டும். வீட்டில் சுவிட்சைத் தட்டும்போது எந்த அளவும் கண்ணில் படுவதில்லை. இரண்டு மாதம் கழித்து வரும் பில்லில்தான் அது தெரிகிறது. இங்கே பேட்டரி மீட்டரின் முள் கண்முன்னால் இறங்குகிறது. எரியும் விளக்கு மேகத்துக்கும் பலகைக்கும் இடையில் நடந்த கொடுக்கல்வாங்கலின் மிச்சம் என்று ஒன்றாம் வகுப்புப் பையனுக்கும் புரிந்துவிட்டது.

இதில் என்னை நெகிழவைத்த ஒன்று உண்டு. எங்கள் பலகைக்கு வெயில் கிடைக்காமல் செய்த அதே ஆனிக் காற்றுத்தான், கணவாய் தாண்டிக் கிழக்கே போய் சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் மாநிலத்தின் கம்பிகளில் ஏறி எங்கெங்கோ போகிறது. ஆதி மூலம் இந்த மலை இடுக்கு. அதன் காலடியில் இருக்கும் தோப்பில் பேட்டரியை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறோம். குறையாக இதைச் சொல்லவில்லை. நகரத்தில் நாம் கணக்கில்லாமல் எரிக்கும் விளக்கின் பின்னால் ஒரு மலையும் ஒரு காற்றும் ஒரு பருவமும் நிற்கின்றன என்பதை அங்கே உட்கார்ந்துதான் உணர முடிந்தது.

தண்ணீரும் இதே பாடம். மேலே ஓடையில் ஒரு சின்னத் தடுப்பு, அங்கிருந்து கறுப்புக் குழாய் பாறைகளுக்கிடையில் இறங்கி வந்து ஆயிரம் லிட்டர் தொட்டியில் விழுகிறது. தொட்டி நிரம்பினால் வழியும் நீர் வாய்க்காலில் சேர்ந்து மறுபடி ஓடைக்கே போய்விடும். ஊரகக் குடும்பங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு. எங்கள் தொட்டியைப் பதினைந்தால் வகுத்தால் அறுபத்தாறுக்குச் சற்று மேல் வரும். குளியல் ஓடையில்தான் என்று வைத்துக்கொண்டால் அது தாராளம். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டி மண்பானையில் ஊற்றினோம். மழைக்காலத்து ஓடைநீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது, மேலே மாடும் மானும் இறங்கும்.

ஓடையில் குளிக்கப் போனபோது அண்ணாச்சி கூடவே வந்தார். பிள்ளைகள் இறங்குவதற்கு முன் எல்லோரையும் நிறுத்திவைத்து ஒன்று சொன்னார்: "இங்க மழை பெய்யுதான்னு பாக்காதிய. இங்க வெயிலடிக்கும், மேல கொட்டிட்டிருக்கும். தண்ணி நெறம் மாறுச்சுன்னா, சருகும் குச்சியும் மொத்தமா வந்துச்சுன்னா, சோப்பு கையில இருந்தாலும் சரி, கரையேறிரணும்." குளிக்கும் நேரம் முழுக்க அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் நொடிப்பொழுதில் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடிய காட்சிகளை நாடே பார்த்தது. பெரிய அருவிகளில் காவலர்களும் தடுப்புக் கம்பிகளும் இருக்கின்றன. பேர்தெரியாத ஓடைகளில் இப்படி ஒரு மனிதரின் கண்தான் காவல். ஊர்க்காரர் துணையில்லாமல் இந்தப் பக்கத்து நீரில் யாரும் கால்வைக்கக் கூடாது.

மதியத்துக்குக் கூட்டாஞ்சோறு என்று வரும்போதே பேசி வைத்திருந்தோம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்குக் கூட்டாஞ்சோறு என்றால் சிறுவயது நினைவு ஒன்று கட்டாயம் இருக்கும். தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய் என்று கொண்டுவந்து ஒரே பானையில் பொங்கித் தின்பது. எங்களோடு வந்திருந்த நண்பரின் மதினி தென்காசிக்காரர், பொறுப்பை அவர் ஏற்றார். பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த ஓர் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

விறகு வாங்கவில்லை. தென்னந்தோப்பில் விறகுக்கு என்ன பஞ்சம்? காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, சிரட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அடுப்பில் ஒரு வேலை உண்டு. பன்னாடை தீப்பிடிக்க, பாளை சட்டென்று கொழுந்து விட, மட்டை நின்று எரிய, கடைசியில் தணலுக்குச் சிரட்டை. மழை நாளில் ஈரமில்லாத மட்டையைப் பொறுக்கிவைப்பதே ஒரு கலை. அடுக்களைப் பரணில் போன மாதமே அடுக்கிவைத்ததைத்தான் அக்கா எடுத்துத் தந்தார், அன்று நாங்கள் பொறுக்கிய ஈரமட்டையை அந்த இடத்தில் அடுக்கச் சொன்னார். "அடுத்து வாரவுகளுக்கு வேணும்லா?" என்றார்.

மிக்ஸி ஓட்ட அங்கிருந்த இன்வெர்ட்டர் தாங்காது. அம்மியில்தான் அரைப்பு. தேங்காய்த் துருவல், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம். கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் குழவியைப் பிடித்தார். முதலில் தேங்காய் நழுவி நழுவி ஓடியது. மதினி பக்கத்தில் உட்கார்ந்து வற்றலையும் சீரகத்தையும் முதலில் நுணுக்கி, அது பொடிந்தபிறகு தேங்காயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வெங்காயத்தைக் கடைசியில் வைத்து ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். வெங்காயம் மைய அரையக் கூடாது, நசுங்கினால் போதும். அந்தக் கல்லிலிருந்து எழுந்த வாசனைக்குப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

பெரிய வெண்கலப் பானையில் துவரம்பருப்பு முக்கால் வெந்ததும் அரிசி. அரிசி பாதி வேகும்போது கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய். தோப்பில் விழுந்து கிடந்த ஒரு மாங்காயும் துண்டுபோட்டு அதில் சேர்ந்தது. புளிக்கரைசலும் மஞ்சளும் உப்பும் அதன்பிறகு. காய் வேகுமுன் புளி சேர்ந்தால் காய் விறைத்துவிடும் என்று மதினி காரணம் சொன்னார். கடைசியில் அரைப்பு, மேலே ஒரு கூடை முருங்கைக்கீரை. கீரை உருவியது பிள்ளைகள், அதனால் காம்பும் கொஞ்சம் இருந்தது. அடுப்பிலிருந்து தீயை இழுத்துவிட்டுத் தணலில் மூடிவைத்து, தேங்காயெண்ணெயில் கடுகும் உளுந்தும் வெங்காய வடகமும் தாளித்துக் கொட்டினார்கள். வாழையிலையில் குழைவாக விழுந்த அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்த அப்பளம் போதுமாக இருந்தது. பதினைந்து பேருக்கு ஒரே பானை. மிச்சம் வைக்க ஃப்ரிட்ஜ் கிடையாது. அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் அவர்கள் வீட்டுக்கும் கொடுத்தபின் பானை துடைத்தாற்போல் ஆனது.

சாயங்காலம் ஆறரைக்கே தோப்பு இருட்டிவிட்டது. மேற்கே மலை இருப்பதால் சூரியன் இங்கே சீக்கிரமே மறைந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். கைபேசி இல்லை, டிவி இல்லை. முதல் அரைமணி நேரம் பிள்ளைகளுக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தாக்ஷரி, விடுகதை, அண்ணாச்சியின் கதைகள். பல வருடம் வாட்ஸப் குழுவில் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்கள், ஒருவருக்கு அப்பா தவறிப்போனது, ஒருவருக்கு வேலை போனது, ஒருவர் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனது எல்லாவற்றையும் அன்றுதான் முழுதாகப் பேசினோம். விளக்கு ஒன்றுதான். ஆகவே எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம். பல அறைகளும் பல விளக்குகளும் நம்மை எவ்வளவு தூரம் பிரித்துவைத்திருக்கின்றன என்று அந்த ஒரு விளக்கடியில் எல்லோருக்கும் தெரிந்தது.

ஒன்பது மணிக்குமேல் வடக்கே எங்கோ வெடிச்சத்தம். அண்ணாச்சி எழுந்து நின்று காதுகொடுத்தார். "வடகரைப் பக்கம் ஆனை இறங்கிருக்கும்" என்றார். மேக்கரை, வடகரை, பண்பொழித் தோப்புகளுக்குள் யானை வருவது இந்தப் பகுதியின் தீராத துயரம். ஒரே இரவில் காய்க்கிற தென்னைகளைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஒரு தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும், அது ஒரே நிமிடத்தில் விழுவதைப் பார்க்கும் விவசாயியின் வேதனையை லேசாகச் சொல்லிவிட முடியாது. யானையின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மேலே இருப்பது அதன் வீடு. கடையநல்லூர், செங்கோட்டை, தென்காசி உள்ளிட்ட வனப்பகுதிகளைச் சேர்த்து 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் சுமார் 357 சதுர கிலோமீட்டர். அதற்கு அப்பால் கேரளத்தின் அச்சன்கோவில் காடு. மாநில எல்லை மனிதர்களுக்குத்தான். யானைக்கு எல்லாம் ஒரே காடு.

தோப்பைச் சுற்றிச் சோலார் வேலி இருந்தது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு கருவி உயர் அழுத்தத் துடிப்பாக மாற்றி, நொடிக்கு ஒருமுறை, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் மட்டும் கம்பியில் அனுப்புகிறது. தொட்டால் உதறும், உயிர் போகாது. மின்வாரியக் கம்பியிலிருந்து நேராகக் கொக்கிபோட்டு வேலியில் ஏற்றுவது வேறு. அது யானையையும் கொல்லும், பன்றியையும் கொல்லும், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரையும் கொல்லும். தமிழ்நாட்டில் இப்படிச் செத்த யானைகள் பல. 2023-ல் மின்வேலிகளுக்கென்றே அரசு தனி விதிகளைக் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம். அண்ணாச்சி தினமும் காலையில் வேலியை ஒரு சுற்று நடந்து, கம்பிமேல் சாய்ந்த கொடிகளை வெட்டிவிட்டு வருவார். ஈரக்கொடி பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும். யானையும் ஆளும் இரண்டு பக்கமும் உயிரோடு இருப்பது அந்தக் காலை நடையில்தான் இருக்கிறது.

இந்த அடிவாரத்தில் தங்குமிடம் என்றால் எல்லாமே இப்படி இல்லை. கடந்த சில ஆண்டுகளில் மேக்கரை வட்டாரத்தில் விடுதிகள் பெருகின. குற்றாலத்தில் நெரிசல், அங்கே கிடைக்காத தனிமை இங்கே கிடைக்கும் என்று விளம்பரம். சில இடங்களில் மலையிலிருந்து வரும் நீரோட்டத்தையே திருப்பி, சிமெண்ட் பாறை கட்டி, 'சொந்த அருவி' ஆக்கினார்கள். 2022 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இப்படி உண்டாக்கப்பட்ட செயற்கை அருவிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. தேவையான உத்தரவு. அனுமன் நதி சிற்றாற்றில் சேர்கிறது, சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்கிறது. இடையில் எத்தனையோ குளங்கள் அந்த நீருக்குக் காத்திருக்கின்றன. பண்பொழியில் திருப்பிய ஓடை எங்கோ கடைமடையில் ஒரு வயலைக் காயவைக்கிறது. இரவு முழுக்க எரியும் ஒளிவெள்ளமும் ஒலிபெருக்கியும் யானையைக் காட்டுக்குள் நிறுத்தாது, வேறு தோப்பின் பக்கம் விரட்டிவிடும். ஒரு விடுதியின் கொண்டாட்டத்துக்குப் பக்கத்துத் தோப்புக்காரர் தென்னையை இழக்கிறார்.

எளிய மலைவீடுகளில் ஒன்றாகத் தங்கும் பழக்கம் உலகில் பல இடங்களில் வேரூன்றியிருக்கிறது. ஸ்காட்லாந்து மலைகளில் கைவிடப்பட்ட மேய்ப்பர் வீடுகளைச் செப்பனிட்டு, வழிப்போக்கர் யாரும் இலவசமாகத் தங்கத் திறந்துவைக்கும் தொண்டர் சங்கம் ஒன்று 1965-ல் தொடங்கியது. இன்று ஏறக்குறைய நூறு வீடுகள் அதன் பராமரிப்பில் இருக்கின்றன. மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. குப்பையை நீயே சுமந்து இறங்கு, அடுத்து வருபவருக்கு விறகு வைத்துவிட்டுப் போ, பெருங்கூட்டமாக வராதே என்பவைதான் அங்குள்ள விதிகள். நியூசிலாந்தில் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையே 900-க்கும் மேற்பட்ட மலைக்குடில்களை நடத்துகிறது, பெரும்பாலானவற்றில் பலகைப் படுக்கைதான். நமக்கும் இது புதிதில்லை. ராணி மங்கம்மாள் சாலைபோட்டுச் சத்திரம் கட்டிய நாடு இது. சத்திரத்தில் தங்கியவர்கள் கூடத்தையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் தண்ணீர் எடுத்துத் தருவது யார், திண்ணையில் இடம் யாருக்கு என்பதில் சாதி குறுக்கிட்ட வரலாறும் அந்தச் சத்திரங்களுக்கு உண்டு. அதை விட்டுவிட்டுப் பகிர்வை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் கூடத்தில் யார் எந்தப் பலகையில் படுப்பது என்பதைப் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள்.

புறப்படும் காலையில் கூடத்தைப் பெருக்கி, பாய்களைத் தட்டி அடுக்கி, தொட்டியைக் கழுவி நிரப்பினோம். பிஸ்கட் உறை முதல் ஷாம்பு பாக்கெட் வரை எல்லா பிளாஸ்டிக்கையும் ஒரு சாக்கில் கட்டி எங்களோடு எடுத்துக்கொண்டோம். காட்டோரத்தில் விட்டால் மான் தின்னும், மாடு தின்னும். அட்டை கடித்த கால்களில் அக்கா சுண்ணாம்பு வைத்துவிட்டார். தங்கியதற்கான பணத்தை உரிமையாளரிடம் கொடுத்தபோது, அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் உரியதை அவர்கள் கையிலேயே தனியாகக் கொடுத்தோம். ஓடையைப் பார்த்தவர் அண்ணாச்சி, அடுப்பைப் பார்த்தவர் அக்கா. அந்த வீட்டின் பாதுகாப்பும் சுவையும் அவர்கள் உழைப்பு.

பண்பொழியைப் போன்ற ஊர்களுக்கு வருகிறவர்கள் இனிமேல் கூடத்தான் செய்வார்கள். தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது, சாலைகள் நன்றாகிவிட்டன, ரயில்கள் கூடியிருக்கின்றன. வருகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, எப்படி வருகிறோம் என்பதைத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஓடை தருகிற தண்ணீர், வெயில் தருகிற வெளிச்சம், தோப்பு தருகிற விறகு, இவ்வளவுக்குள் எத்தனை பேர் தங்க முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் இடம் என்று ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பை ஊராட்சியும் வனத்துறையும் தோப்புக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து வகுக்க வேண்டும். வருமானம் காவல் காப்பவருக்கும் சமைப்பவருக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும். யானை சாய்த்த தென்னைக்கு நஷ்டஈடு காலம் கடத்தாமல் கிடைக்க வேண்டும், அப்போதுதான் தோப்புக்காரர் தோப்பை விடுதிக்காரருக்கு விற்காமல் தோப்பாகவே வைத்திருப்பார்.

பயணிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறையாவது இப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துப் போங்கள். பேட்டரியில் எவ்வளவு மிச்சம், தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பங்கு வைக்கும் அனுபவம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. இந்த மலையும் இந்தக் காற்றும் இந்தத் தண்ணீரும் அளவுள்ளவை. அந்த அளவுக்குள் பதினைந்து பேர் வயிறாரச் சாப்பிட்டு, மனம்விட்டுப் பேசி, நிம்மதியாகத் தூங்கி எழ முடியும்.